விழுங்கியதா

ஊசியை வெளியே எடுத்தாகிவிட்டது, மருந்து உள்ளே போய்விட்டது, எலியைக் கூண்டில் விட்டு மூடியையும் சாத்தியாகிவிட்டது, இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது, விழுங்கியதா என்று. நுனியில் சின்ன உருண்டை வைத்த வளைந்த ஊசி அது, குத்துவதற்கானதல்ல, வாய்வழியாக வயிற்றுக்கு மருந்து கொண்டுபோவதற்கு. நாக்கைத் தாண்டி உள்ளே போகும்போது எலி அந்த உருண்டையை ஒரு தடவை விழுங்கும். விழுங்கிவிட்டால் ஊசி தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும், தள்ள வேண்டியதில்லை. தள்ள வேண்டியிருந்தால் அது உணவுக்குழாய் இல்லை, மூச்சுக்குழாய், உடனே உருவிவிட வேண்டும். அந்த விழுங்கலைக் கண்ணால் பார்க்க முடியாது. எலியின் கழுத்தைப் பிடித்திருக்கும் இடது கைக்கும் ஊசியைப் பிடித்திருக்கும் வலது கைக்கும் ஒரே நேரத்தில் தெரியும், தூக்கத்தில் குழந்தை நம் விரலை இறுக்குவது போல, லேசாக. இத்தனை வருடங்களில் அது தெரியாமல் நான் மருந்தை அழுத்தியதில்லை. இன்று தெரிந்ததா. தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் எப்படி அழுத்தியிருப்பேன். ஆனால் திரும்ப நினைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஊசி உள்ளே போன நேரம் முழுக்க நான் எலியைக் கவனிக்கவில்லை, என் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆடாதே, இப்போது ஆடாதே, இன்னும் கொஞ்சம்தான். அது ஆடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் அழுத்திவிட்டேன்.

எலி கூண்டின் மூலையில் உமிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை எலி, உச்சந்தலையில் மட்டும் மஞ்சள் சாயம். ஒரு ஸ்டடியில் முதல் எலிக்குத் தலையில் பூசுவோம், அடுத்ததற்கு முதுகில், அதற்கடுத்ததற்கு வாலடியில். அதனால் முதல் எலிக்கு இங்கே பெயர் தலை. மூச்சு விடுகிறதா, விடுகிறது. விலா ஏறி இறங்குகிறது, வேகமாக, ஆனால் பிடித்து விட்ட எலி எல்லாமே வேகமாகத்தான் விடும். மூக்கில் ஈரம் இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. மூச்சுக்குழாயில் போயிருந்தால் மூக்கில் ஒரு குமிழ் வந்திருக்கும், வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும், இந்நேரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அது முழுதாகப் போயிருந்தால். கொஞ்சம் இங்கும் கொஞ்சம் அங்கும் போயிருந்தால்? அப்போது கொஞ்ச நேரம் தள்ளித் தெரியும். கை செய்த தப்பு மூச்சில் தொடங்கும், அதுதான் அதன் அடையாளம். மருந்து அப்படித் தொடங்காது. இந்த மருந்து பருத்திக்கும் கத்தரிக்கும் கரையானுக்கும் எங்கும் அடிக்கிற பழைய பூச்சிமருந்து, அதைப் புதுக் கரைசலில் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். அது முதலில் வாய்க்கு வரும், பிறகு கண்ணுக்கு, பிறகு உடம்பு நடுங்கும், மூச்சுக்குக் கடைசியில்தான் வரும். வரிசை மாறாது. ஆகவே நான் பார்க்க வேண்டியது ஒன்றுதான், முதலில் எது வருகிறது, மூச்சா எச்சிலா. மூச்சு என்றால் இந்த எலியைக் கொன்றது நான்.

"என்னக்கா, பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி உத்து உத்துப் பார்க்கறீங்க" என்று பின்னாலிருந்து இர்ஃபான் சொல்கிறான். அவன் அடுத்த மேசையில் கூண்டுகளுக்குத் தண்ணீர் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கிறான். ஆம்பூர்ப் பையன், இங்கே வந்து மூன்று நான்கு வருடம் இருக்கும், வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது, ஊசி இறக்குவதை என்னிடம்தான் கற்றான். "தலைக்கு எப்படி இருக்கு?" "இருக்கு" என்றேன். "தலைன்னு சொல்லாதீங்கக்கா, அதுங்க எல்லாம் லேடீஸ். தலைவின்னு சொல்லணும். இல்லாட்டி மகளிர் ஆணையத்துல கேஸ் போட்டுரும்." நான் சிரித்தேன் என்று அவனுக்குக் காட்டத் தோளை மட்டும் அசைத்தேன், முகமூடி போட்டிருந்தால் சிரிப்பைத் தோளால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறான், பாட்டில்கள் கம்பியில் உரசுகின்றன. இந்த அறையில் எப்போதும் குளிர், எலிக்காக வைத்த குளிர், கவுனுக்குள் நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், ஜன்னல் இல்லை, வெளியே வெயிலா மேகமா என்று மதியம் வெளியே போகும்போதுதான் தெரியும். வலது கையைத் தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்தால் அடங்கும். வேலை செய்யும்போது ஆடுவதில்லை, சும்மா இருக்கும்போதுதான் ஆடுகிறது, அதுதான் இத்தனை மாதம் காப்பாற்றியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன, கண்ணுக்குத் தெரியாத விபூதியை எடுப்பது போல. ஆனால் போன வாரத்திலிருந்து ஒரு வேலையைத் தொடங்கும் முன் ஒரு நொடி ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. அடங்கும் என்று காத்திருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எலி காத்திருக்காது.

முதலில் சொன்னவள் மகள்தான், அவளுக்குத் தெரியாமலே. கோயம்புத்தூரில் ஹாஸ்டல் அறையிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள், "அம்மா, போனை ஆட்டாதே, தலை சுத்துது" என்றாள். ஆட்டவில்லை என்றேன். "அப்ப நெட்வொர்க் ஆடுதா, நீ ஆடறியா?" நெட்வொர்க்தான் என்று சொல்லி போனை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டேன், அன்றிலிருந்து போனைச் சாய்த்து வைத்துத்தான் பேசுகிறேன், அவளுக்கு என் முகவாய்க்கட்டைதான் தெரியும், அதையும் கிண்டல் செய்கிறாள். பிறகு வங்கியில் கையெழுத்து சேரவில்லை என்று மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி போட்டதும் சேரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் அலுத்துக்கொள்ளாமல், "நிதானமா போடுங்கம்மா, அவசரமில்ல" என்றான். பிரமிளா என்ற பெயரில் எங்கும் வளைக்க வேண்டிய இடம்தான், எழுத்து சின்னதாகிக்கொண்டே போய்க் கடைசி எழுத்து கடுகு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவின் கையெழுத்தும் கடைசியில் கடுகு மாதிரிதான் இருந்தது. வீட்டுக்காரர் எதிராஜ் எதுவும் கேட்கவில்லை, ஒரு நாள் நான் ரசம் ஊற்றும்போது கரண்டி தட்டில் டகடகவென்று தட்டியது, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டீயைக் குறை" என்றார். அவ்வளவுதான். பதினேழு வயதில் பார்த்த பெண்ணையும் ஐம்பதை நெருங்குகிறவளையும் ஒரே அக்கறையோடு டீயைக் குறைக்கச் சொல்லுகிற ஆள். குறைத்தேன். மூக்கின் நுனி ஈரமாக இருக்கிறதா. எலி இப்போது திரும்பியது, மூக்கு காய்ந்துதான் இருக்கிறது, ரோஜா நிறத்தில். மீசை அசைகிறது. இன்னும் எச்சிலும் இல்லை, மூச்சும் கெடவில்லை. இரண்டுமே வரவில்லை என்றால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. வர வேண்டிய நேரம் இன்னும் ஆகவில்லை.

வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஆண்டுக்கொரு தரம் ரத்தம் எடுப்பார்கள். இந்த மருந்து உடம்பில் ஏறியிருந்தால் ரத்தத்தில் ஒரு அளவு இறங்கியிருக்கும். போன தடவை எடுத்தபோது நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இறங்கியிருக்கட்டும். எப்போதோ கையுறை கிழிந்திருக்கும், எங்கோ ஒரு சொட்டு மணிக்கட்டில் பட்டிருக்கும், கவனிக்காமல் விட்டிருப்பேன், அது உள்ளே போய் இந்த விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறது, சில வாரம் இந்த அறைக்கு வராமல் இருந்தால் ரத்தம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், விரலும் நின்றுவிடும். அப்படி இருக்கட்டும் என்று பிள்ளையாரிடம்கூட வேண்டிக்கொண்டேன், விஷம் ஏறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவருக்கு நானாகத்தான் இருக்கும். அளவு சரியாக இருந்தது. கம்பெனி டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "சூப்பரா இருக்கு, எனக்கே இப்படி இல்ல" என்று சிரித்தார். நன்றி சார் என்று எழுந்து வந்தேன். கையைக் காட்டவில்லை. காட்டினால் அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். ஒருத்தர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது அங்கேயே இருக்கும், நான் எழுந்து வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

கதவு திறந்து ஹேமலதா மேடம் வருகிறார். இந்த ஸ்டடி அவர் பொறுப்பு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், டாக்டர் பட்டம் வாங்கி நேராக இங்கே வந்தவர், என்னை அக்கா என்றும் நான் அவரை மேடம் என்றும் கூப்பிடுகிறோம், இரண்டு பேருக்கும் அதில் சௌகரியம். குனிந்து கூண்டைப் பார்த்தார். "ஸ்மூத்தா போச்சா அக்கா?" "போச்சு மேடம்." சொல்லிவிட்டேன். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது, விரலைப் போலவே வாயும் இப்போது தனியாக வேலை செய்கிறது. "இன்னும் ஒன்னும் வரலையா?" "இன்னும் இல்ல." "காலையிலயே கம்பெனிக்காரன் போன். லேபிள் கலர் எப்ப தெரியும்னு கேக்கறான். எலி இன்னும் சாப்பிடவே இல்ல, அதுக்குள்ள பெயிண்ட் டப்பா எடுத்துட்டு நிக்கறான்." டப்பாவின் மேல் ஒட்டுகிற முக்கோணத்தைச் சொல்கிறார். கடைசியில் இங்கே நடப்பதெல்லாம் அந்த முக்கோணத்தின் நிறத்துக்காகத்தான். சிவப்பென்றால் ரொம்பக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. "மஞ்சள் வந்தா அழுவான்" என்றான் இர்ஃபான். "மஞ்சள் வரட்டும், மங்களகரமா இருக்கும்" என்றார் மேடம். இருவரும் சிரித்தார்கள். எனக்கு எலியின் தலையில் இருக்கிற மஞ்சள் தெரிகிறது. ஒவ்வொன்றாகத்தான் கொடுப்போம். இது பிழைத்தால் அடுத்ததற்கு அளவு கூடும், இது செத்தால் அடுத்ததற்கு அளவு குறையும், ஏறி இறங்கி ஏறி இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் எண், அந்த எண்தான் நிறம். நாலைந்து எலிகள்தான் மொத்தமும். அதில் ஒன்று என் கட்டைவிரலால் செத்தால், அது மருந்தால் செத்தது என்று நான் சும்மா இருந்துவிட்டால், நீலமாக இருக்க வேண்டியது மஞ்சளாகிவிடும். அதனால் யாரும் சாகப்போவதில்லை, சொல்லப்போனால் ஜாக்கிரதையாக இருப்பார்கள், கம்பெனிக்காரன்தான் அழுவான். அப்படிப் பார்த்தால் பேசாமல் இருப்பதில் ஒன்றுமில்லை. ஆனால் நிறம் பொய்யாக இருக்கும். நான் இந்த அறைக்குள் வந்த நாளிலிருந்து எத்தனையோ எலிகள் இதில் போயிருக்கின்றன, அவை எதற்காகப் போயின என்று யாராவது கேட்டால், நிறம் சரியாக இருப்பதற்காக என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

சொன்னால் மேடம் திட்ட மாட்டார். திட்டினால் பரவாயில்லை. அன்பாக இருப்பார். எலி செத்ததும் அறுத்துப் பார்ப்பார்கள், நுரையீரலில் கரைசல் இருக்கும், வேறு எலி ஒன்று எடுத்து அதன் தலையில் மஞ்சள் பூசுவார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள், அன்றே இல்லை, சில நாள் கழித்து, "அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்டா இருங்களேன்" என்பார். ரெஸ்ட் என்றால் கூண்டு கழுவுகிற பக்கம். சரோஜினிக்கு மணிக்கட்டில் வலி வந்தபோது அங்கே அனுப்பினார்கள், வலி போனதும் அங்கேயே இருக்கிறாள், நீராவிக்குள் நின்று சத்தமாகப் பேசப் பழகிவிட்டாள், இந்தப் பக்கம் வருவதில்லை. அதுகூடப் பெரிதில்லை. கூண்டு கழுவுவதும் வேலைதான், சம்பளத்தில் மாற்றமில்லை. ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் கையைப் பார்ப்பார்கள், கையைப் பார்த்தால். மேடம் போய்விட்டாரா, போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டு எலி காதை அசைத்தது. சத்தம் கேட்டு அசைந்தால் நல்லது.

அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போது கை ஆட ஆரம்பித்தது, சில்லறை பஸ் தரையில் கொட்டும், சீட்டுக்கடியில் உருண்டு போகும், ஜனங்கள் குனிந்து பொறுக்கிக் கொடுப்பார்கள், கொடுக்கும்போது முகத்தைச் சுளித்து மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். குடித்திருக்கிறான் என்று. அப்பா காபியைத் தவிர ஒன்றும் குடித்ததில்லை. டிரைவர் அந்தோணிசாமி வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் சொல்லி வைங்க, காலையிலேயே போடறாரு" என்றார், அம்மா சிரித்துவிட்டாள், பிறகு சமையலறையில் போய் அழுதாள். அப்பாவுக்கு அது வசதியாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. வியாதிக்காரன் என்பதைவிடக் குடிகாரன் என்று இருப்பது. குடிகாரனுக்கு நாளைக்கே நிறுத்திவிடலாம் என்று ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கட்டும் என்று நான் நினைத்தது அதே புத்திதான். கடைசியில் அவருக்கு விழுங்க முடியாமல் போயிற்று. இட்லியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், விழுங்குவதை மறந்துவிட்டவர் மாதிரி, நாங்கள் விழுங்குப்பா விழுங்குப்பா என்று எதிரில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக் காட்டுவோம். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். நர்ஸ் சின்னப் பெண், நெற்றியில் வியர்வை, "ஐயா விழுங்குங்க, விழுங்குங்க, ஒரே ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டே டியூபைத் தள்ளினாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் இந்த வேலைக்கு வந்து பழகியிருந்தேன், தள்ளாதே என்று வாய் வரை வந்தது, விழுங்காமல் தள்ளாதே, காத்திரு, விழுங்கும். அப்பா இருமினார். அவள் உருவிவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாவது தடவை தொண்டை மேலே ஏறி இறங்கியது, சரி, போயிற்று என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது, இந்த அறையில் எலிக்குச் சொல்லுகிற அதே குரல். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

எலி வாயை நக்குகிறது. ஒரு தடவை. முன்னங்காலைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொள்கிறது, எல்லா எலியும் செய்வதுதான், ஊசி போன வாயை எல்லாமே துடைக்கும், ஆனால் அது இவ்வளவு நேரம் கழித்து வராது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். மறுபடி நக்குகிறது. முகவாய்க்கட்டையில் முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈரமாக, வெள்ளை முடி ஈரத்தில் கொஞ்சம் மங்கிச் சாம்பலாக. மூச்சு? விலா ஏறி இறங்குகிறது, அதே மாதிரி, வாய் மூடியிருக்கிறது, கரகரப்பு இல்லை. மூடியைத் திறந்து காதை அருகில் கொண்டுபோகிறேன். இல்லை. ஈரச் சத்தம் ஒன்றும் இல்லை. எச்சில்தான். முதலில் எச்சில்தான் வந்திருக்கிறது. "வந்துருச்சாக்கா?" என்கிறான் இர்ஃபான். "பாரு" என்றேன். அவன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்க்கிறான். "ஆமா, ஜொள்ளு விடுது. மணி அடிச்ச மாதிரி கரெக்டா வருது இந்த மருந்து. எங்க ஊர் பஸ்ஸை இதுகிட்ட டிரெய்னிங்குக்கு அனுப்பணும்." அதன் பிறகு கண். கண்ணின் ஓரத்தில் முதலில் ஒரு கோடு, பிறகு விளிம்பு முழுக்கச் சிவப்பு. புதிதாக வருகிறவர்கள் ரத்தம் என்று பயப்படுவார்கள், ரத்தம் இல்லை அது, எலியின் கண்ணீருக்கு நிறமே அப்படித்தான். வரிசை மாறவில்லை. நடுங்கட்டும். இன்னும் நடுக்கம் ஒன்றுதான் பாக்கி. நடுங்கு, நடுங்கிவிடு. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே சற்று தாமதமாகத்தான் காதில் விழுந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் விழுந்தது. காதில் தொடங்கியது, காது மடல் மட்டும், பிறகு கழுத்து, பிறகு முதுகெல்லாம் ஒரே சீராக, கீழே உமி அதிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. தோள் இறங்கியது. காலையிலிருந்து மூச்சை எங்கோ மேலே பிடித்து வைத்திருந்திருக்கிறேன், அது கீழே வந்தது. விழுங்கியிருக்கிறது. என் கைக்குத்தான் அது தெரியவில்லை, எலி ஒழுங்காக விழுங்கியிருக்கிறது. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை, நிறம் நிறமாக இருக்கும், ஸ்மூத்தா போச்சு மேடம் என்றது பொய்யில்லை. தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். எலி கூண்டுக்குள் நடுங்குகிறது, விரல் கூண்டுக்கு வெளியே நடுங்குகிறது, அது வேகமாக, இது கொஞ்சம் நிதானமாக. அதற்குக் காரணம் மருந்து. ஒரு உயிர் நடுங்குவதைப் பார்த்து அப்பாடா என்று மூச்சு விட்ட முகம் எப்படி இருக்கும், ஆஸ்பத்திரியில் அப்பா பார்த்தது இதைத்தானா. முகமூடி இருக்கிறது, பரவாயில்லை.

எழுத வேண்டியதை எழுதினேன், எச்சில், கண்ணீர், நடுக்கம், எழுத்து கடுகாகத்தான் வந்தது, நடுக்கம் என்ற சொல் எல்லாவற்றையும்விடச் சின்னதாக. மேடம் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?" என்றார். தாங்கும் போலத்தான் இருக்கிறது என்றேன். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது, ஆனால் விரலால் கூண்டைத் தட்டினால் தலையைத் தூக்குகிறது. தாங்க முடியாமல் போனால் வலி தெரியாமல் முடித்துவிட வேண்டும், அதை முடிவு செய்வதும் நான்தான், இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இந்தத் தடவை விழுங்கியிருக்கிறது. இந்தத் தடவை என்ற சொல் எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்டது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்தத் தடவை விழுங்கியது என் கைக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை விழுங்காவிட்டாலும் தெரியாது. அப்போதும் நான் இப்படி எதிரில் உட்கார்ந்துகொண்டு எச்சில் வருகிறதா மூச்சு கெடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்கடுத்த தடவையும், யாராவது கேட்டால் ஸ்மூத்தா போச்சு என்று வாய் சொல்லும். எனக்குத் தூங்க வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் போய்த் தூங்குகிற தூக்கம் இல்லை, இங்கேயே, இந்தக் குளிரில், உமி மேல்.

"அக்கா, ரெடி" என்கிறான் இர்ஃபான். மதியம் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு ஸ்டடி, வேறு கம்பெனியின் களைக்கொல்லி, அதற்கும் முதல் எலி இன்றைக்குத்தான். அவன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டான், சிரிஞ்சில் மருந்து ஏற்றி ஊசியைப் பொருத்தித் தட்டில் என் பக்கமாக வைத்திருக்கிறான், எப்போதும் வைப்பது போல. பேச்சு நிற்கவில்லை. "வீட்டு ஓனர் மொட்டை மாடி பூரா நெத்திலி காய வெச்சிருக்காரு. என் சட்டை எல்லாம் அதே கொடியில. நேத்து பஸ்ல பக்கத்துல ஒரு பொண்ணு வந்து உக்காந்துச்சு, நானும் கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன், ரெண்டு ஸ்டாப் கூடத் தாங்கல, எழுந்து போயி கம்பியைப் புடிச்சிட்டு நிக்குது." கைகளைக் கழுவித் துடைத்து உறை மாற்றிக்கொண்டேன். "போனதும் இல்லாம, அங்கேயிருந்து திரும்பி வேற பார்க்குது." அந்தப் புது எலியின் கூண்டைத் திறந்தேன். எலி பயப்படவில்லை, கைக்குப் பழகியது, இந்த ஒரு வாரமாக நான்தான் தினமும் தூக்கி எடை போட்டிருக்கிறேன். உச்சந்தலை மஞ்சள் நன்றாகக் காய்ந்திருந்தது. "ஓனர்கிட்ட கேட்டா, மீன் வாசனைக்கு வாடகை தனியா வாங்கல இல்ல, சந்தோஷப்படுன்றாரு" என்றான். இடது கையால் எலியின் கழுத்துத் தோலைச் சேர்த்துப் பிடித்து, வலது கையை அதன் பின்னங்கால்களுக்கு அடியில் கொடுத்து, தலை நிமிர்ந்து வாய் மேலே பார்க்கும்படி தூக்கி, இர்ஃபானின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவன், "சந்தோஷப்படறதுக்கு நான் என்ன பூனையாக்கா" என்று கேட்டுக்கொண்டே தட்டிலிருந்து ஊசியை எடுத்தான்.